விண்ணப்பதாரர் நான்தானுங்க

கோயமுத்தூரிலிருந்து ஒரு வேனில் ஆறு மாணவர்கள் வந்து எங்கள் களத்தில் இறங்கியபோது நான் லாரியில் இளநீர் ஏற்றிக்கொண்டிருந்தேன். எல்லாரும் எம்.பி.ஏ. படிக்கிறவர்கள். கூட ஒரு பேராசிரியையும் வந்திருந்தார். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதித் தோப்புகளிலிருந்து இளநீர் எப்படி நகரத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது அவர்களுடைய ஆராய்ச்சி. என் கணவர் ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "கேக்கறதையெல்லாம் அம்மணிகிட்டக் கேளுங்க. காய் மரத்துல இருக்கற வரைக்குந்தான் எனக்குத் தெரியும். கீழ எறங்கிருச்சுன்னா எல்லாம் அவ பாடு" என்று சொல்லிவிட்டு மோட்டார் பார்க்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் தோப்போடு சுற்றுவட்டாரத்தில் இன்னும் முப்பது தோப்புகளின் இளநீரைச் சேர்த்து, தரம் பிரித்து, சென்னையில் ஒரு மொத்த வியாபாரிக்கு அனுப்பும் வேலையைப் பதினெட்டு வருஷமாக நான் செய்துவருகிறேன். மாணவர்கள் இரண்டு மணி நேரம் இருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பேராசிரியை அந்த அறிக்கையை எனக்கு அனுப்பி வைத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பதினோராம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். 'மரங்களில் கட்டப்பட்டுள்ள வண்ணத் துணிகள் திருஷ்டி தொடர்பான உள்ளூர் நம்பிக்கையைக் காட்டுகின்றன' என்று எழுதியிருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே, 'எந்த மரத்தில் எப்போது காய் வெட்டுவது என்பதற்கு இவர்களிடம் முறையான திட்டம் எதுவும் இல்லை.'

அந்தத் துணிகள்தான் என் திட்டம். முதல் வாரம் வெட்டிய மரத்துக்கு நீலம், அடுத்த வாரம் வெட்டியதற்கு மஞ்சள், அதற்கடுத்தது சிவப்பு, கடைசி வாரத்துக்குப் பச்சை. துணியைப் பார்த்தால் போதும், அடுத்து எந்த மரத்தில் ஏறுவது என்று மரமேறுகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். முப்பது தோப்பிலும் அதே நிறம், அதே வாரம். என் பழைய சேலைகள் பாதி அந்த மரங்களில்தான் இருக்கின்றன.

உடனே பேராசிரியைக்குப் போன் போட்டேன். "ஏனுங்க மேடம், திருஷ்டிக்குன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?" என்று ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அடக்கவே முடியாமல் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அம்மா, நீங்க ஒரு நாள் வகுப்புக்கு வந்து இதைச் சொல்லணும்" என்றார். சற்று யோசித்து, "வேண்டாம். நீங்க வகுப்புலயே வந்து உக்காரலாமே! வேலை பார்க்கிறவங்களுக்கு சனி, ஞாயிறு வகுப்பு இருக்கு" என்றார்.

"எனக்கு வயசு நாப்பத்தேழுங்க."

"வயசு வரம்பு கிடையாது. நுழைவுத் தேர்வு மட்டும் எழுதணும்."

அவர் பேச்சுக்குச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது மனதில் விழுந்துவிட்டது. காரணம் இருந்தது. தோப்புக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கம்பெனியாகப் பதிவு செய்யலாம், நீங்களே தலைவராக இருங்கள் என்று இரண்டு வருஷமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவந்தேன். உண்மையில் எனக்குப் பயம். யாரோ நீட்டும் காகிதத்தில் படித்துப் புரியாமல் கையெழுத்துப் போடும் தலைவராக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. பாலக்காட்டுச் சித்தூரில் கல்லூரிக்குப் போய் பி.காம். முடித்தவள்தான். முடித்த அடுத்த தையில் கல்யாணம். அதற்குப் பிறகு புத்தகம் என்று நான் தொட்டதெல்லாம் மகனுடைய பாடப் புத்தகத்தைத்தான். அவனும் படித்து முடித்து ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான்.

கணவரிடம் சொன்னபோது அவர் சொட்டுநீர்க் குழாயை ஊதி அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ரெண்டு வருசமா?" என்றார்.

"ரெண்டு வருசம். சனி, ஞாயிறு மட்டும்."

"அப்ப சனிக்கெழம லோடு?"

"வெள்ளிக்கெழம மாத்திக்கலாம்."

"எல்லாத்தையும் ரோசன பண்ணிப் போட்டுத்தான் எங்கிட்ட வந்து கேக்கற" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குழாயை ஊத ஆரம்பித்தார். அதுதான் அவருடைய சம்மதம்.

விண்ணப்பத்தைத் திறந்தவுடனேயே சிக்கல். என் மார்க் லிஸ்ட்டில் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கணவர் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் சர்டிபிக்கெட் வாங்கி வரவேண்டும். போனேன். அங்கே இருந்த ஆபீஸர் என் மகன் வயதை விடக் கொஞ்சம்தான் கூட இருப்பார். "சேச்சி, ஆவஸ்யம் எந்தா?" என்று கேட்டார். அட்மிஷனுக்கு என்றேன். மகளுக்கா என்று நினைத்து, "மோளுக்கோ?" என்றார். எனக்குத்தான் என்று அவர் பாஷையிலேயே, "எனிக்கா" என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "கொள்ளாமல்லோ!" என்று பாராட்டிச் சிரித்தார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டும் கொடுத்தார். வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று படித்துப் பார்த்தேன். மேற்படி இரண்டு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கின்றன என்று முத்திரையோடு எழுதியிருந்தது. சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிக்க ஓடிய அந்தப் பெண்ணும் நானும் ஒருத்திதான் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. ஏனோ எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த சிக்கல்தான் பெரியது. பரிந்துரைக் கடிதம் ஒன்று வேண்டுமாம். விண்ணப்பதாரரின் வேலையை நேரடியாக அறிந்த மேலதிகாரி எழுத வேண்டும். எனக்கு ஏது மேலதிகாரி?

"நான் எழுதறேன். என்னையக் கேட்டுத்தான எல்லாஞ் செய்யற?" என்றார் கணவர், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"சொந்தக்காரங்க எழுதக் கூடாதாமுங்க."

"தப்பிச்ச போ."

யோசித்துப் பார்த்தால், என் வேலையைப் பதினெட்டு வருஷமாக நேரடியாக அறிந்தவர் ஒரே ஒருவர்தான். சென்னை வியாபாரி. நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. போனில் பேசியதில் பெரும்பகுதி சண்டை. காய் சின்னது என்பார் அவர்; அளவுகோலை மாற்றுங்கள் என்பேன் நான். மூன்றாம் தரம் என்று அவர் ஒதுக்கியதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அது இரண்டாம் தரம்தான் என்று ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறேன். அவரிடம் போய்க் கேட்பதா என்று இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் மதியம் துணிந்து போன் போட்டேன்.

"இன்னாக்கா, லோடுல எதுனா பிரச்சனையா? நீ போன் பண்ணாலே எனுக்கு வயித்துல புளி கரைக்குது" என்றுதான் எடுத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்தில் மூட்டை இறக்கும் சத்தமும் யாரோ கத்துவதும் கேட்டன. "இரு, இரு" என்று சொல்லிவிட்டு எங்கேயோ நடந்து போய், சத்தமில்லாத இடத்திலிருந்து மறுபடி பேசினார்.

"இந்த வயசுல காலேஜா?"

"ஆமாங்க."

"நானே எட்டாங்கிளாஸ்க்கா. நான் எழுதுனா ஒத்துப்பாங்களா?"

"படிப்பு கேக்கலைங்க. என்ற வேலையப் பத்தி நெசம் தெரிஞ்சவங்க எழுதோணுமாம்."

"நெசத்தை எழுதணுமா? அப்ப உனுக்கு சீட்டு கெடைக்காது" என்று சொல்லிப் பலமாகச் சிரித்தார். பிறகு, "என் பொண்ணை வச்சு இங்கிலீஷ்ல அடிச்சு அனுப்பறேன். ஆனா நான் சொல்றதுல ஒரு வார்த்தையும் மாத்த உடமாட்டேன், பார்த்துக்கோ" என்றார். கடிதம் நேராகக் கல்லூரிக்குத்தான் போகும், விண்ணப்பதாரர் பார்க்க முடியாது. அதனால் அதில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதி அனுப்பிவிட்டேன் என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. அடுத்த செய்தி, போன லோடில் காய் சின்னது என்பது.

தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. மரமேறுகிறவர்கள் வருவதற்கு முன் காலையில் ஒரு மணி நேரம், லாரி போன பிறகு மதியம் இரண்டு மணி நேரம் என்று படித்தேன். ஆங்கிலம்தான் என்னை அழவைத்தது. ஒரு பத்தியைப் படித்து ஐந்து கேள்விக்குப் பதில் சொல்ல எட்டு நிமிஷம். எனக்குப் படிக்கவே பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. கணவர் போனில் நேரம் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவார். எட்டு நிமிஷம் முடிந்தால், "ஆச்சு, பேனாவக் கீழ வெய்யி" என்பார்.

"இன்னும் ஒரே ஒரு கேள்விங்க."

"அங்க போயி இப்படிக் கெஞ்சுவியா? வெய்யி புள்ள."

கணக்குப் பரவாயில்லை. ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, தொட்டி எப்போது நிரம்பும் என்ற கணக்கை நான் உரக்கப் படித்தபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆழியாத்துத் தண்ணி எப்ப வருமுன்னு நாம இங்க வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கறோம். எவன் அவன், கீழ் வால்வைத் தொறந்து போட்டுட்டுத் தொட்டிய நெப்பறவன்? மொதல்ல அதை மூடச் சொல்லு!" அந்தக் கணக்கை மட்டும் அவர் இல்லாதபோது போட்டேன்.

தேர்வு பாலக்காட்டில். கொழிஞ்சாம்பாறையில் பஸ் பிடித்து, சித்தூர் வழியாகப் போய் எட்டரைக்கெல்லாம் தேர்வு மையத்தின் வாசலில் இறங்கிவிட்டேன். கேட்டில் நின்ற காவலாளி என்னைப் பார்த்ததும், "அம்மே, பேரன்ட்ஸ் அவிடெ இரிக்கணம்" என்று ஒரு பந்தலைக் காட்டினார். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என் மகனுக்காக எத்தனை தேர்வு மையங்களின் வெளியே காத்துக் கிடந்திருக்கிறேனோ, கால் தன்பாட்டுக்குப் பந்தலை நோக்கி நடந்தது. ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தும்விட்டேன்.

பக்கத்தில் பட்டுப் பார்டர் வைத்த பருத்திப் புடவையில் ஒரு மாமி. கல்பாத்தி அக்ரஹாரத்துப் பக்கம் என்று அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது. "உங்காத்துக் குழந்தை எந்த ஹால்ல எழுதறது?" என்று கேட்டார்.

"குழந்தை இல்லைங்க. நாந்தான் எழுதோணும்."

மாமி என் கையிலிருந்த ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். புகைப்படத்தையும் என்னையும் பார்த்தார். "அப்போ இங்கே உக்காந்துண்டு என்ன பண்றேள்? கேட்டை மூடப் போறா! எழுந்திருங்கோ, எழுந்திருங்கோ!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். அவரே காவலாளியிடம் மலையாளத்தில் ஏதோ வேகமாகச் சொன்னார். அந்த மனிதர் என் ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு வழிவிட்டார். பின்னால் பந்தலிலிருந்து அம்மாக்களும் அப்பாக்களும், "ஆல் த பெஸ்ட்!" என்று கத்தினார்கள்.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது மாமி தன் மகளோடு காத்திருந்தார். மகள் சரியாக எழுதவில்லை போலிருக்கிறது, முகம் வாடியிருந்தது. மாமி அதைக் கண்டுகொள்ளாமல் என்னைப் பார்த்து, "நீங்க எப்படி?" என்றார்.

"ஆங்கிலத்துல கடைசிப் பத்தியத் தொடவே இல்லைங்க. நேரம் பத்தல."

"நானும் அதைத் தொடலை ஆண்ட்டி" என்று அந்தப் பெண் முதல் முறையாகச் சிரித்தாள். மூவருமாக வாசலில் நின்றே மாமி கொண்டுவந்திருந்த எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம்.

என் மதிப்பெண் பெருமைப்படும்படி இல்லை. ஆனால் நேர்காணலுக்குக் கூப்பிடப் போதுமானதாக இருந்தது. கோயமுத்தூருக்கு வரச் சொன்னார்கள். முதலில் குழு விவாதம். வட்டமாக எட்டுப் பேர். என்னைத் தவிர எல்லாரும் முப்பதுக்குக் கீழே. தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான் நாலு முறை வாயைத் திறந்தேன். நாலு முறையும் யாரோ முந்திக்கொண்டார்கள். ஐந்தாம் முறை, தென்னை உச்சியில் இருக்கிறவருக்குக் கேட்கும்படி பேசும் என் களத்துக் குரல் தானாக வெளியே வந்துவிட்டது. "ஒரு நிமிஷமுங்க!"

அறை கப்சிப் என்று ஆகிவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கோ சொல்ல நினைத்தது சுத்தமாக மறந்துபோயிற்று. எதிரே ஒரு பெண் என்னைப் போலவே ஒரு வார்த்தையும் பேச முடியாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். "இந்தம்மா ரொம்ப நேரமா ஏதோ சொல்ல வருது. மொதல்ல அதைக் கேப்போமுங்க" என்றேன். அவள் பேசினாள். நன்றாகவே பேசினாள். அவள் முடிப்பதற்குள் எனக்கும் மறந்தது ஞாபகம் வந்துவிட்டது.

பிறகு நேர்காணல். மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஆங்கிலத்தில் கேட்டார், நானும் முடிந்தவரை ஆங்கிலத்திலேயே சொன்னேன். முடியாத இடத்தில் தமிழில் சொல்லலாம் என்றார். "இங்கே பாடம் நடத்துகிறவர்கள் பலர் உங்களைவிட இளையவர்கள். அது உங்களுக்குச் சங்கடமாக இருக்காதா?" என்பது ஒரு கேள்வி.

"எங்க தோப்புல மரமேறறவங்க எல்லாருமே என்னையவிடச் சின்னவங்கதானுங்க. மேல என்ன இருக்குதுன்னு அவுங்களைத்தான நான் கேக்கோணும்? நான் ஏற முடியாதுங்களே" என்றேன்.

அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு தன் முன்னால் இருந்த கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "உங்கள் பரிந்துரைக் கடிதம். இந்த மாதிரி ஒன்றை நான் இதற்கு முன் படித்ததில்லை. காட்டக் கூடாதுதான், ஆனாலும் வாசிக்கட்டுமா?" என்றார். தலையாட்டினேன்.

'நான் சென்னையில் இளநீர் வியாபாரம் செய்கிறேன். இந்த அம்மாவைப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். முதல் மூன்று வருஷம் தரத்தைக் குறைத்துச் சொல்லி இவரை ஏமாற்றப் பார்த்தேன். முடியவில்லை. இப்போது முயற்சி செய்வதில்லை. சண்டை மட்டும் போடுகிறேன். ஒரு தடவை கொட்டுகிற மழையில் லோடு ஏற்றினார்கள். லாரி வந்து சேருவதற்கு முன்பே இவர் போன் செய்து, அடியடுக்கில் முந்நூறு காய் கெட்டிருக்கும், தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அது என் பொறுப்பு என்றார். எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுத் தொண்ணூறு. கெட்டதைத் தானாகச் சொன்ன ஒரே ஆள் இவர். இவருக்கு நீங்கள் இன்னும் படிப்பு சொல்லிக் கொடுத்தால் எனக்குத்தான் கஷ்டம். இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.'

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த மழை நாள் எனக்கு ஞாபகமே இல்லை. சண்டைக்காரர் என்று நான் நினைத்திருந்த மனிதர் அதை இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் அவருக்குப் போன் போட்டேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. "அழாதக்கா. சீட்டு கெடைக்கலன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார்.

முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் நாலாவது. அன்று ராகிக் களி கிண்டிவைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கணவர் என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நாலு பேரு வெலகுனாப் போதுமுல்ல? சீட்டு வாங்குனவங்கள்ல நாலு பேருக்காவது கண்ணாலம் ஆகாமயா போகுது?" என்றார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, மேலேயிருந்து கயிற்றில் குலை இறங்கிக்கொண்டிருந்தபோது போனில் மின்னஞ்சல் வந்த சத்தம். ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடியே திறந்து பார்த்தேன். முதல் வரியிலேயே இருந்தது, எனக்கு இடம் கிடைத்துவிட்டது. "ஏனுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில், மேலே இருந்தவர் பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து மட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். கணவர் மோட்டார் ரூமிலிருந்து ஓடி வந்தார். போனை வாங்கி, கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். "வெள்ளிக்கெழம லோடுன்னு எல்லாத்துக்கும் இன்னைக்கே சொல்லிப் போடோணும்" என்று மட்டும் சொன்னார். ஆனால் சாயங்காலத்துக்குள் முப்பது தோப்புக்காரர்களுக்கும் செய்தி போயிருந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆவணியில் வகுப்பு தொடங்கியது. முதல் சனிக்கிழமை வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தேன். வகுப்பறையில் ஏ.சி. குளிர் எலும்பு வரை இறங்கியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வங்கி ஊழியர், அந்தப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி என்ஜினியர். காலையில் நடந்த பாடத்தில் பாதி புரிந்தது. மதியப் பாடத்தில் முக்கால்வாசி புரிந்தது. புரியாததைக் கை தூக்கிக் கேட்டேன். என்ஜினியர் தம்பி என் பக்கம் குனிந்து, "நல்ல வேளை கேட்டீங்க, எனக்கும் அது புரியலை" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டேன். என் நிறுத்தம் போய், அதற்கடுத்ததும் போய், கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் காலியாக நின்றிருந்தது. கணவருக்குப் போன் செய்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்ததும், "என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். பையிலிருந்து நோட்டை எடுத்து, இருட்டுவதற்குள் படித்துக் காட்டலாம் என்று பின் சீட்டில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் என்னை நிறுத்தி, "அது எனக்குப் புரியல. இன்னொருக்கா சொல்லு" என்றார்.